ஏசியில் கேஸ் இல்லைன்னு நானே முடிவு பண்ணின கதை

கொஞ்சம் நீளமான பதிவு. கார் ஓட்டுறவங்க, அதிலும் வயசான அப்பா அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிட்டுப் போறவங்க, பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. நான் மெக்கானிக் இல்லை. பொது மருத்துவம் பார்க்கிற டாக்டர். ஆனா இந்தக் கதையில் நோயைத் தப்பாக் கண்டுபிடிச்சது நான்தான். அதனால எழுதுற உரிமை எனக்கு உண்டு.

போன மே மாசம். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நேரம். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே என் காரில் ஒரு சின்னத் தொந்தரவு ஆரம்பிச்சிருந்தது. ஓடும்போது ஏசி ஜில்லுன்னு வரும். சிக்னலில் நின்னா வெறும் காத்து. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் மறுபடி ஜில்லுன்னு ஆயிடும்.

நான் என்ன பண்ணினேன்? ஏசி கடைக்குப் போய், "கேஸ் கம்மியா இருக்கு, ஃபில் பண்ணிடுங்க"ன்னு சொன்னேன். அவரும் ஃபில் பண்ணினார். 1,500 ரூபாய். நாலு நாள் கழிச்சு மறுபடி அதே தொந்தரவு.

எங்க ஓபிக்கு வர்றவங்க சிலர் உட்காரும்போதே, "உடம்பு அசதியா இருக்கு டாக்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்திடுங்க"ன்னு சொல்வாங்க. எனக்கு சுர்ருன்னு கோவம் வரும். "என்ன பிரச்சனைன்னு சொல்லுங்க, மருந்து நான் சொல்றேன்"னு திட்டியிருக்கேன். அதே நான் ஏசி கடையில் போய் பிரச்சனையைச் சொல்லாம மருந்தைச் சொல்லிட்டு வந்திருக்கேன். "நின்னா சூடு, ஓடினா ஜில்லு"ங்கிற ஒரு வரியை மட்டும் அந்த ஆளிடம் சொல்லியிருந்தா, அவர் பேனட்டைத் திறந்து ஃபேனைப் பார்த்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. நான், தம்பி, அப்பா, அம்மா. சாப்பிட்டுட்டு மூணு மணிக்குக் கிளம்பினோம். திண்டிவனம், அச்சரப்பாக்கம், மதுராந்தகம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஏசி நல்லா வந்தது. அப்பா பின்சீட்டில் தூங்கிட்டு வந்தார். மாமண்டூர் தாண்டி பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கினதும் முன்னாடி ஒரே சிவப்பு விளக்கு. லீவு முடிஞ்சு ஊரே சென்னைக்குத் திரும்புது. பரனூர் டோல்கேட் வரைக்கும் வண்டிங்க நத்தை மாதிரி ஊர்ந்துட்டு இருந்தது.

அஞ்சு நிமிஷத்தில் ஏசி வெறும் காத்து. பத்து நிமிஷத்தில் வெந்நீர் ஆவி மாதிரி. "இந்த ஏசி கடைக்காரன..."ன்னு திட்டிக்கிட்டே ஏசியை ஆஃப் பண்ணி கண்ணாடியை இறக்கினேன். ஃபோனில் 39 டிகிரின்னு காட்டுது. ரெண்டு பக்கமும் லாரி, பஸ், அதோட எஞ்சின் சூடு வேற.

என் வண்டியில் டெம்பரேச்சர் முள் கிடையாது. இப்போ நிறைய சின்ன கார்களில் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தா நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானா சிவப்பு விளக்கு, நடுவில் ஒண்ணும் தெரியாது. ஜுரம் 104 ஆன பிறகுதான் பேசுற தெர்மாமீட்டர் மாதிரி. முள் இருந்த பழைய வண்டியில் அது பாதியைத் தாண்டி மேல ஏறும்போதே புரிஞ்சிருக்கும்.

சிவப்பு விளக்கு எரிஞ்சது.

நான் நடு லேனில் இருக்கேன். இடது பக்கம் ஒதுங்கவே ரெண்டு மூணு நிமிஷம் ஆச்சு. தம்பி கையை வெளிய நீட்டி, கத்தி, ஒரு பஸ்காரரிடம் கெஞ்சி வழி வாங்கினான். ரோட்டோரம் நிறுத்தி எஞ்சினை ஆஃப் பண்ணினா, பேனட் இடுக்கில் லேசா ஆவி. தித்திப்பா ஒரு வாசனை. அது கூலன்ட் வாசனைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

தம்பி இறங்கி, பேனட்டைத் தூக்கி, பின்சீட்டில் இருந்த துண்டை எடுத்துட்டுப் போறான். "தண்ணி இல்லாம இருக்கும்கா, ஊத்திடலாம்." அவன் கை ரேடியேட்டர் மூடி மேல போகுது.

நான் கத்தின கத்தில் பக்கத்து லாரிக்காரரே எட்டிப் பார்த்துட்டார்.

ஏன்னு சொல்றேன். நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ, ஒரு ராத்திரி கேஷுவாலிட்டிக்கு ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. மினி வேன் டிரைவர், இருபது சொச்சம் வயசு. முகம், கழுத்து, நெஞ்சு, வலது கை முழுக்க வெந்திருந்தது. அது மேல வெள்ளையா டூத்பேஸ்ட். யாரோ ரோட்டில் தடவி விட்டிருக்காங்க. கண் ரெண்டும் வீங்கி மூடியிருந்தது. ஒரு மணி நேரம் அந்த டூத்பேஸ்டைக் கழுவி எடுத்தேன். அவன் திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான்: "துணி வச்சுதான் மேடம் தொறந்தேன்." அந்தப் பையன் பிழைச்சுட்டான். ஒரு கண்ணில் கருவிழி வெந்து வெள்ளைத் தழும்பு விழுந்துடுச்சு. அதுக்கப்புறம் அவனால் வண்டி ஓட்டிப் பிழைக்க முடிஞ்சிருக்காதுன்னுதான் நினைக்கிறேன்.

துணி எதுக்கும் உதவாது. காரணம் ரொம்ப எளிமை. நம்ம வீட்டுக் குக்கரும் காரின் கூலிங் சிஸ்டமும் ஒரே வேலையைத்தான் செய்யுது. தண்ணியை மூடி போட்டு அழுத்தத்தில் வச்சா 100 டிகிரியில் கொதிக்காது. குக்கர் வெயிட் தாங்குற அழுத்தமும் ரேடியேட்டர் மூடி தாங்குற அழுத்தமும் ஏறக்குறைய ஒண்ணுதான், காத்தழுத்தத்துக்கு மேல ஒரு பார் அளவு. அந்த அழுத்தத்தில் தண்ணி 120 டிகிரி பக்கம்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்திருந்தா இன்னும் கொஞ்சம் மேல. இப்போ நீங்க மூடியைத் திறந்தா அழுத்தம் ஒரு நொடியில் போயிடுது. 100 டிகிரிக்கு மேல சும்மா இருந்த தண்ணி அந்த நொடியே மொத்தமாப் பொங்கி, ஆவியும் தண்ணியுமா உங்க முகத்தை நோக்கி வரும். நீங்க குனிஞ்சு நிப்பீங்க வேற. 70 டிகிரி தண்ணியே ஒரு நொடியில் தோலை ஆழமா வேக வைக்கும்.

விசில் அடங்காத குக்கரைத் துணி வச்சுத் திறப்பீங்களா? எங்க அம்மா திறக்க மாட்டாங்க. அதே அம்மா, "துண்ட ரெண்டா மடிச்சு வச்சுத் தொறடா"ன்னு தம்பிக்கு யோசனை சொல்லிட்டு இருந்தாங்க.

எட்டிப் பார்த்த லாரிக்காரர் இறங்கி வந்தார். அறுபது வயசு இருக்கும். "யம்மா, மூடில கை வைக்காதீங்க. அப்படியே பேனட்ட தூக்கி விட்டுட்டு அரை மணி நேரம் சும்மா உக்காருங்க. பச்சத் தண்ணிய எஞ்சின் மேல ஊத்திறாதீங்க, ஹெட்டு விரிசல் விட்டுரும்"னார். அப்புறம் குனிஞ்சு பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஃபேன் ஓடிச்சா?"

நாங்க மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஒன்பது வருஷமா அந்தக் காரை ஓட்டுறேன். அதுக்கு ஒரு ஃபேன் இருக்குங்கிறதே எனக்கு ஞாபகத்தில் இல்லை.

இதுக்கு நடுவில் இன்னொண்ணு நடந்துட்டு இருந்தது. அப்பாவுக்கு 76 வயசு. இதயம் கொஞ்சம் பலவீனம், ஸ்டென்ட் வச்சிருக்கு. நீர் பிரியிற மாத்திரையும், இதயத் துடிப்பை மட்டுப்படுத்துற மாத்திரையும் சாப்பிடுறார். நான் எஞ்சினைப் பார்த்துட்டு இருந்த அந்தப் பத்து நிமிஷம் அவர் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருக்கார். அம்மா, "என்னடி உங்கப்பா ஒரு மாதிரி இருக்கார்"னு கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்து, நெத்தியெல்லாம் வேர்வை, கை ஈரமா சில்லுன்னு இருக்கு. நாடி மெலிசா ஓடுது. "தலை சுத்துது பாப்பா"ன்னார்.

ஒரு டாக்டர், காருக்கு முதல் உதவி பண்ணிட்டு இருந்திருக்கேன்.

லாரியோட நிழலில் துண்டை விரிச்சுப் படுக்க வச்சோம். சட்டைப் பட்டனைக் கழட்டி, காலைத் தூக்கிப் பை மேல வச்சு, தண்ணி பாட்டிலைக் கழுத்திலும் நெஞ்சிலும் ஊத்தி, அம்மா ஒரு அட்டையை எடுத்து விசிற ஆரம்பிச்சாங்க. எனக்கு இருந்த பயம் ஒண்ணுதான். வெறும் வெப்பச் சோர்வா, இல்லை ஹீட் ஸ்ட்ரோக் பக்கம் போறாரா? ரெண்டுக்கும் நடுவில் கோடு மூளைதான். பேச்சு குழறினா, சம்பந்தமில்லாமப் பேசினா, ஒரு நிமிஷம் காத்திருக்கக்கூடாது, 108 தான். "அப்பா, இப்ப எந்த ஆத்தத் தாண்டினோம்?"னு கேட்டேன்.

கண்ணை மூடிக்கிட்டே சொன்னார்: "பாலாறு. ஆறுன்னு போர்டுதான் இருக்கு."

அப்பதான் எனக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் விக்கிற நீர்மோரை வாங்கி மடக்கு மடக்காக் குடுத்தோம். இருபது நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்துட்டார்.

இந்த ரெண்டு மாத்திரையும் சாப்பிடுறவங்களுக்கு வெயில் ஏன் கூடுதல் ஆபத்துன்னு இங்கேயே சொல்லிடுறேன். சூட்டில் உடம்பு ரெண்டு வேலை செய்யும். ரத்தத்தைத் தோலுக்குக் கூடுதலா அனுப்பும், வேர்க்க வைக்கும். ரத்தத்தை அனுப்ப இதயம் வேகமாத் துடிக்கணும், ஒரு மாத்திரை அதைத் துடிக்க விடாது. வேர்க்கத் தண்ணி வேணும், இன்னொரு மாத்திரை அந்தத் தண்ணியை ஏற்கெனவே வெளியேத்தியிருக்கும். இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க. அளவை மாத்தணுமான்னு வெயில் காலம் வர்றதுக்கு முன்னாடி உங்க டாக்டரைக் கேளுங்க, அவ்வளவுதான். நின்னுபோன காருக்குள்ள மட்டும் அவங்களை உட்கார வைக்காதீங்க. வண்டி நின்னா முதலில் ஆளை இறக்குங்க. பேனட் அப்புறம்.

சரி, ஃபேனுக்கு வருவோம்.

முக்கால் மணி நேரம் கழிச்சு, ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தா கை தாங்குற சூடுதான். லாரிக்காரர் துணியைப் போட்டு மூடியைக் கால் திருப்பு மட்டும் திருப்பி, புஸ்ஸுனு மிச்சக் காத்தை விட்டு, அப்புறம் முழுசாத் திறந்தார். ஒரு லிட்டருக்கு மேல தண்ணி பிடிச்சது. கேன் தண்ணிதான் ஊத்தினோம். அவசரத்துக்கு அது பரவாயில்லை. அதுக்குள்ள நெரிசல் குறைஞ்சிருந்தது. ஏசி போடாம, நிறுத்தாம மெதுவா ஓட்டி செங்கல்பட்டில் ஒரு மெக்கானிக்கைப் பிடிச்சோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை திறந்து வச்சிருந்த புண்ணியவான்.

அவர் பண்ணின பரிசோதனை என்ன தெரியுமா? எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போட்டுட்டு, காருக்கு முன்னாடி வந்து நின்னார். ஒரு நிமிஷம். "ஃபேன் ஓடல மேடம்." முடிஞ்சது. அந்த ஒரு நிமிஷத்தை நான் ரெண்டு வாரமாச் செய்யலை.

அவர் விளக்கின விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. காரோட முன்பக்கம் ரெண்டு ஜாலி அடுத்தடுத்து நிக்குது. முன்னாடி நிக்கிறது ஏசியோட கண்டென்ஸர். அதுக்குப் பின்னாடி எஞ்சினோட ரேடியேட்டர். ரெண்டுக்கும் சேர்த்து பின்னாடி ஃபேன். (சில வண்டியில் ரெண்டு ஃபேன் இருக்கும்.) வண்டி 60, 80ல ஓடும்போது எதிர்க்காத்தே ரெண்டையும் குளிர வச்சிடும், ஃபேனுக்கு வேலையே இல்லை. நின்னா காத்து இல்லை. அப்போ ஃபேன்தான் மூச்சு. ஏசி போட்டாலே ஃபேன் சுத்தணும். ஏசி போடாட்டியும், எஞ்சின் தண்ணி 95, 100 டிகிரி பக்கம் வந்தா சென்ஸார் சொல்லி ஃபேன் தானா ஓடி, இறங்கினதும் நிக்கணும். ஃபேன் செத்துப்போனா, முதலில் கஷ்டப்படுறது முன்னாடி நிக்கிற கண்டென்ஸர். அதனாலதான் நின்னா மட்டும் ஏசி சூடாகுது. நான் கேஸ் இல்லைன்னு நினைச்ச ரெண்டு வாரமும் கார் என்கிட்ட, ஃபேன் ஓடலை, ஃபேன் ஓடலைன்னு கத்திட்டு இருந்திருக்கு.

இதிலேயே ஒரு நல்ல குறிப்பு இருக்கு. எப்போ சூடாகுதுன்னு பார்த்தா எங்க நோய்னு ஓரளவு சொல்லலாம். நெரிசலில் ஏறி, ஓட்டினா இறங்கினா, ஃபேன் பக்கம் சந்தேகப்படுங்க: ஃபியூஸ், ரிலே, சென்ஸார், ஒயர், இல்லை மோட்டாரே. ஹைவேயில் வேகமாப் போகும்போதும், மேடு ஏறும்போதும் ஏறினா கூலன்ட் குறைச்சல், அடைச்சுக்கிட்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், வேலை செய்யாத வாட்டர் பம்ப். கூலன்ட் அடிக்கடி குறையுது, வெளிய ஒரு சொட்டும் ஒழுகலை, புகைபோக்கியில் வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் பால் கலந்த காபி மாதிரி படலம், இப்படி இருந்தா ஹெட் கேஸ்கட். அது ஐசியு கேஸ்.

என் வண்டியில் ஃபேன் மோட்டார் தேய்ஞ்சு, இழுக்கக்கூடாத அளவுக்குக் கரன்ட் இழுத்திருக்கு. அந்தச் சூட்டில் அதுக்குப் போற பிளாஸ்டிக் பிளக் உருகிக் கருகியிருந்தது. மெக்கானிக் கேட்டார்: "சென்ஸார தூக்கிட்டு ஃபேன டைரக்ட் பண்ணிடலாமா மேடம்? சாவி போட்டாலே ஓடிட்டே இருக்கும். நிறைய பேரு இப்பிடித்தான் ஓட்டுறாங்க."

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மோட்டார் ஏற்கெனவே ஒரு பிளக்கை எரிச்சிருக்கு. அதை நிறுத்தாம ஓட விட்டா, அதுவும் ஃபியூஸும் ரிலேயும் சரியா இல்லாம ஒயரை இழுத்துவிட்டா, அடுத்து எரியப்போறது ஒயர். மோட்டாரும் சீக்கிரம் சாகும், அது சாகும்போது நமக்குத் தெரியவும் தெரியாது. கருகின பிளக்கை வெட்டிட்டு, வேற கனெக்டர் போட்டு, பழைய வழியிலேயே ஓட வைக்கச் சொன்னேன். ஃபேன் ஓடிச்சு. "மோட்டார் சத்தம் சரியில்ல, நாளைக்கே மாத்திடுங்க"ன்னார். மறுநாள் வழக்கமா விடுற ஒர்க்‌ஷாப்பில் மோட்டாரை மாத்தி, பிரஷர் டெஸ்ட் பண்ணி, கூலன்ட் மாத்தினேன். ஹெட் கேஸ்கட் தப்பிச்சது. சிவப்பு விளக்கு எரிஞ்சும் வீடு வரைக்கும் ஓட்டிடலாம்னு நான் நினைச்சிருந்தா, அலுமினிய ஹெட் வளைஞ்சு, செலவு பல மடங்காயிருக்கும்.

இதே ரகத்தில் இன்னொரு யோசனையும் சொல்வாங்க: "தெர்மோஸ்டாட்டக் கழட்டி எறிஞ்சிடுங்க, சூடே ஆகாது." தெர்மோஸ்டாட்னா உள்ளே மெழுகு வச்ச ஒரு சின்ன வால்வு. தண்ணி 80, 90 டிகிரிக்கு வரும்போது மெழுகு விரிஞ்சு ரேடியேட்டருக்கு வழி திறக்கும். அதுவரைக்கும் எஞ்சினைச் சீக்கிரம் சூடாக விடும். எஞ்சினுக்கு ஒரு அளவு சூடு வேணும், நமக்கு 37 வேணுங்கிற மாதிரி. கழட்டிட்டா எஞ்சின் எப்பவும் குளிர்ந்தே ஓடி பெட்ரோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். ரிப்பேரானா மாத்துங்க, கழட்டாதீங்க.

"வெயில் அதிகம், அதான் வண்டி சூடாயிடுச்சு"ன்னு எல்லாரும் சொல்றோம். நானும் அன்னைக்கு அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். கணக்குப் போட்டுப் பாருங்க. ரேடியேட்டர் தண்ணி 95 டிகிரி. வெளிக்காத்து மார்கழியில் 28, கத்திரியில் 40. வித்தியாசம் 67க்குப் பதில் 55. குளிர வைக்கிற வேலை கொஞ்சம் கஷ்டமாகுது, அவ்வளவுதான். அந்த அளவுக்குத் தாங்குற மாதிரிதான் வண்டியைச் செஞ்சிருக்காங்க. நம்ம உடம்புக்குத்தான் 40 டிகிரி நிஜமான எதிரி. காத்தே நம்மை விடச் சூடு, வேர்வையை விட்டா வேற வழி இல்லை. காருக்கு அப்படி இல்லை. வெயில் காரைக் கெடுக்கலை. ஏற்கெனவே கெட்டிருந்ததை வெயில் காட்டிக்கொடுத்தது. உங்க வண்டி சிவப்பு விளக்கு காட்டிட்டு, சாயங்காலம் சரியாயிட்டா, "வெயில்தான்"னு விட்டுடாதீங்க.

அன்னைக்கு எனக்குத் தெரியாம இருந்த ஒரு தந்திரம்: நடு லேனில் மாட்டி ஒதுங்க வழியில்லைன்னா, ஏசியை ஆஃப் பண்ணிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வைக்கணுமாம். ஹீட்டர்ங்கிறது டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் அது வழியா உள்ளே வந்துடும். ஒதுங்குற அந்த ரெண்டு மூணு நிமிஷத்துக்கு உதவும். ஆனா வெந்நீர் அண்டாவுக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கும், கண்ணாடி எல்லாம் இறக்கியிருக்கணும். பின்சீட்டில் எங்க அப்பா மாதிரி ஒருத்தர் இருந்தா நான் இதைச் செய்ய யோசிப்பேன். இன்னொண்ணு, கூலன்ட் மொத்தமாக் கொட்டிப்போயிருந்தா ஹீட்டரும் வேலை செய்யாது. சில வண்டியில் முள்ளும் பொய் சொல்லும், சென்ஸாரைச் சுத்தித் தண்ணியே இல்லாததால் கீழே இறங்கிக் காட்டும். ஆவி, தித்திப்பு வாசனை வந்தா முள்ளை நம்பாம நிறுத்துங்க.

இப்போ நான் வாரம் ஒரு தடவை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வாயர் டப்பாவைப் பார்க்கிறேன். மின், மேக்ஸ் ரெண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கணும். மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, வெளியே இருந்தே தெரியும். மாசம் ஒரு தடவை ஏசி போட்டு ஃபேன் சத்தம் கேட்கிறேன். பக்கத்தில் போகும்போது துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்குவேன். எஞ்சின் ஆஃப் ஆன பிறகும் சில வண்டியில் ஃபேன் திடீர்னு சுத்தும், குழந்தைங்களைக் கிட்ட விடாதீங்க. கிரில் இடுக்கில் காய்ஞ்ச இலை, பூச்சி, பிளாஸ்டிக் கவர் இருக்கும். சாதாரணக் குழாய்த் தண்ணியில் மெதுவாக் கழுவணும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைக் கிட்ட வச்சு அடிச்சா அந்த மெல்லிசு ஜாலி எல்லாம் மடங்கி, காத்துப் போற வழியே அடைஞ்சிடும்.

போர் தண்ணியைத் தொடர்ந்து ஊத்தாதீங்க. உங்க வீட்டு வெந்நீர் பாத்திரத்து அடியில் பிடிக்கிற வெள்ளை உப்பு, ரேடியேட்டர் குழாய்க்குள்ளேயும் அப்படியே பிடிக்கும், துருவும் பிடிக்கும். கூலன்ட் நம்ம ஊரில் பனி உறையாததுக்குத் தேவையில்லைன்னு ஒரு பேச்சு இருக்கு. உறையாம வைக்கிறது அதோட ஒரு வேலைதான். கொதிநிலையை ஏத்துறதும், துருவைத் தடுக்கிறதும் நமக்கு வேண்டிய வேலை. எந்த வகைன்னு வண்டிப் புத்தகத்தில் இருக்கும். பச்சை, சிவப்புன்னு கலரை வச்சு முடிவு பண்ணாதீங்க, கலர் வெறும் சாயம்.

கடைசியா என் சொந்தத் துறை. கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். தித்திப்பா இருக்கும், பார்க்க ரோஸ் மில்க் கலரிலும் பச்சை ஜூஸ் கலரிலும் வருது. குழந்தைக்கு வேற என்ன வேணும்? உள்ளே போனா முதல் சில மணி நேரம் குடிச்ச மாதிரி தள்ளாட்டம், வாந்தி. அப்புறம் அது உடைஞ்சு உண்டாகிற அமிலம் ரத்தத்தைக் கெடுக்கும். கடைசியில் ஆக்ஸலேட் துகள்கள் கிட்னியில் படிஞ்சு கிட்னி நின்னுடும். சீக்கிரம் வந்தா மாத்து மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. "நல்லாத்தானே இருக்கான்"னு வீட்டில் காத்திருக்கக்கூடாது. வாந்தி எடுக்க வைக்காம, அந்த டப்பாவையும் எடுத்துக்கிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். மிச்சமான கூலன்ட்டைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊத்தி வைக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க. இதை எழுதுறதுக்கு முன்னாடி தம்பி வண்டி டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஒரு தண்ணி பாட்டிலில் அரை பாட்டில் இளஞ்சிவப்பா இருந்தது. அவனுக்கு நாலு வயசில் ஒரு பொண்ணு.

சூடான தண்ணி மேல பட்டுட்டா: நகை, வாட்ச், ஈரத்துணி எல்லாம் உடனே கழட்டுங்க, ஒட்டிக்கிட்ட துணியை மட்டும் பிய்க்காதீங்க. சாதாரணக் குழாய்த் தண்ணியில் இருபது நிமிஷம் முழுசாக் காட்டுங்க. ஐஸ் வேண்டாம். டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டிருந்தா கண்ணைத் திறந்து வச்சுத் தண்ணி ஊத்திட்டே இருங்க. அப்புறம் சுத்தமான துணியால் லேசா மூடி ஆஸ்பத்திரி.

அந்த லாரிக்காரர் பேரைக்கூட நான் கேட்கலை. அப்பா கேட்டு வச்சிருக்கார், நம்பரும் வாங்கியிருக்கார். தீபாவளிக்குப் போன் பண்ணிப் பேசினாராம்.

சந்தேகம் இருந்தா கேளுங்க. உடம்பு கேள்விக்கு நான் பதில் சொல்றேன். வண்டி கேள்வியைச் செங்கல்பட்டு மெக்கானிக்கிட்ட கேட்டுத்தான் சொல்லுவேன், நானா மருந்து எழுத மாட்டேன்.